சீமாட்டியின் கடைசி ஈற்று

ஜூன் 16

என்னை நாடு கடத்திய சித்திக்கு,

வணக்கம் போடலாமா வேண்டாமா என்று யோசித்துப் பேனாவைக் கடித்ததில் மூடி உடைந்துவிட்டது. மூடிக்கும் சேர்த்து வணக்கம்.

விடுதி நன்றாக இருக்கிறது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். மோசமாக இருக்கிறது என்று எழுதினால் சந்தோஷப்படுவாய். அதனால் நடுநிலையாகச் சொல்கிறேன்: கட்டில் இருக்கிறது. அதன் விளிம்பில் எனக்கு முன்னால் படுத்தவளின் பல் தடம் இருக்கிறது. அவளும் ஒரு சித்தியால் அனுப்பப்பட்டவளாக இருக்கலாம்.

இங்கே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வார்டன் அறையில் ஒரு போன் உண்டு. ஆனால் அவர் எதிரில் நின்றுகொண்டு உன்னைத் திட்டவும் முடியாது, அழவும் முடியாது. கடிதத்தில் இரண்டையும் ஒரே வரியில் செய்யலாம்.

குற்றப்பத்திரிகையை நானே வாசிக்கிறேன். தவறு இருந்தால் சிவப்பு மையில் திருத்து. அன்று குட்டி வாங்க ஒரு குடும்பம் வந்தது. கண்ணாடி போட்ட ஆன்ட்டி, "தாய் நாயைப் பாக்கலாமா?" என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். நீ வழக்கம்போல மாடி வீட்டு நாயை இரவல் வாங்கி, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சோபாவில் மகாராணி மாதிரி உட்கார வைத்திருந்தாய். நம் வீட்டு மொழியில் அதற்குப் பெயர் காட்டுற அம்மா. பெற்ற அம்மாவான சீமாட்டி, வாஷிங் மெஷின் அறையில் பூட்டிக் கிடந்தாள். முடி கொட்டி, மடி தரையில் இழுபட, மூச்சு விசில் அடிக்க.

நான் செய்தது ஒரே வேலை. தாழ்ப்பாளை விலக்கினேன். மீதியைக் குட்டிகளே பார்த்துக்கொண்டன. பவுடர் மகாராணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சீமாட்டியின் வயிற்றுக்கடியில் முண்டியடித்துப் புகுந்தன. ஆன்ட்டியின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "ஆன்ட்டி, சோபால இருக்கறது காட்டுற அம்மா. இதுதான் பெத்த அம்மா" என்று ஒரு சிறு அறிமுகம் செய்தேன். மரியாதைக்காக.

இதற்குப் போய் விடுதியா, சித்தி?

சரி, விளையாட்டு போதும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சீமாட்டிக்கு இன்னொரு ஈற்று வேண்டாம். போன முறை வயிற்றைக் கிழித்துக் குட்டி எடுத்தபோது டாக்டர் உன்னிடம் சொன்னதை நானும் கேட்டேன்: "இன்னொண்ணு தாங்க மாட்டா." அதோடு, குட்டி போட முடியாதவளைத் தரகர் வந்து பண்ணைக்குக் கூட்டிப் போவாரே, அதுவும் வேண்டாம். நம்மிடம் இருந்த இன்னொரு நாய் சாம்பல்காரியை அப்படித்தான் கூட்டிப் போனார். அந்தப் பண்ணையிலிருந்து இதுவரை ஒரு நாய்கூட நலம் விசாரித்துத் தபால் போட்டதில்லை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

இப்படிக்கு,
கட்டில் எண் போடாத கைதி

*

ஜூன் 25

வாலுக்கு,

மன்னிப்புக் கடிதம் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து பிரித்தேன். பார்த்தால் எனக்கே குற்றப்பத்திரிகை. உன் திமிரை அளக்க இன்னும் டேப் கண்டுபிடிக்கவில்லை.

சிவப்பு மை என்னிடம் இல்லை. இந்த மையிலேயே திருத்துகிறேன். நீ தாழ்ப்பாளை மட்டும் விலக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்காரி கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். மாடி வீட்டுக்காரர் லிஃப்டில் என்னைப் பார்த்தால் தன் நாயைத் தூக்கிக்கொள்கிறார், நான் கடித்துவிடுவேன் என்பது போல. நான்கு குட்டிகளில் ஒன்றுதான் விற்றது. மீதி மூன்றையும் தரகர் பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்.

பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். அவர் கடையை மூடிக்கொண்டு போனபோது உனக்கு எட்டாம் வகுப்பு. அன்றைக்கு உன்னிடம் "இனிமேல் என்ன செய்யறது"ன்னு புலம்பினேனா? சீமாட்டியைக் கொண்டுவந்தேன். நீ போட்டிருக்கும் ஷூ வரைக்கும் அவள் போட்ட குட்டி. போட்டுக்கொண்டு நட, பேசாதே.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காட்டுற அம்மா, பெத்த அம்மா என்று அத்தனை பேர் முன்னால் கையை நீட்டிச் சொன்னாயே. உன் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் அம்மா என்று போட்ட இடத்தில் போய் உட்கார்ந்தவள் நான். என் அக்கா போனபின் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்கு அலைந்தவள். நீ நாயைத்தான் சொன்னாய், தெரியும். தெரிந்தும் காதை விட்டு அது போகமாட்டேன் என்கிறது.

சீமாட்டிக்குப் பருவம் வந்துவிட்டது. தையல்காரர் வீட்டில், அதாவது நம் சம்பந்தி வீட்டில், பேசியாகிவிட்டது. இது கடைசி. டாக்டர்கள் எல்லாம் அப்படித்தான் பயமுறுத்துவார்கள்.

வார்டன் மேடம் என் பழைய வாடிக்கை. பாதிக் கட்டணத்தில் உனக்கு இடம் கொடுத்திருக்கிறார். அங்கே வாலைச் சுருட்டிக்கொண்டு இரு.

சித்தி

காலையில் இரண்டு கோப்பை டீ போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன். தூக்கம் போய்விட்டது. அதற்கும் நீதான் காரணம்.

*

ஜூலை 4

டீயை வீணாக்காத சித்திக்கு,

முதலில் அந்த விஷயம். அது உன்னைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக எழுதி அடித்துவிட்டேன். நான்காவது விதமும் சரியாக வரவில்லை. நீ காட்டுற அம்மா இல்லை. உன்னை யாரிடமும் நான் காட்டிக்கொண்டதே இல்லை, காட்டினால் கடன் கேட்டுவிடுவார்கள். போதுமா? சிரித்துவிடு.

இனி செய்தி. கையில் எதுவும் வைத்திருந்தால் கீழே வை.

வார்டன் மேடம் உன் வாடிக்கை என்றாயே, என்ன வாங்கினார் என்று யோசித்தாயா? முன் வராந்தாவில் ஒரு சப்பை மூக்கு படுத்திருக்கிறது. பெயர் பட்டாணி. பார்க்க உருளைக்கிழங்கு. இடது காதில் சீமாட்டிக்கு இருக்கும் அதே மடிப்பு. இரண்டு வருடம் முன்னால் நம் சோபாவிலிருந்து போனவன். என்னை அனுப்ப உலகத்தில் வேறு விடுதியே கிடைக்கவில்லையா உனக்கு? திருடிய சைக்கிளை அதன் சொந்தக்காரர் வீட்டு வாசலிலேயே நிறுத்திய கதை.

இவனால் வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க முடியாது. பாதியில் உட்கார்ந்து, நாக்கு நீலமாகி, காற்றைக் கடித்துக் கடித்து விழுங்குகிறான். மேடம் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். தொண்டைக்குள் சதையை வெட்டி வழி விட வேண்டுமாம். இடுப்பும் சரியில்லையாம். நேற்று என்னிடம் சொல்கிறார்: "நான்தான் சரியா வளக்கலையோன்னு இருக்கும்மா. அவங்க அம்மா எவ்வளவு ஆரோக்கியமா இருந்தா தெரியுமா? நானே பாத்தேன், சோபாவுல உக்காந்திருந்தா."

நான் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். மூன்று தடவை.

பட்டாணியின் அப்பா யார் என்று உனக்கும் எனக்கும் தெரியும். தையல்காரர் வீட்டு மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளை யார்? சீமாட்டியின் முதல் ஈற்றில் பிறந்து, தையல்காரருக்கு நீ கொடுத்த மகன். அப்படியென்றால் பட்டாணிக்கு அப்பாவே அண்ணன். சீமாட்டி அவனுக்கு அம்மாவும் பாட்டியும். பட்டாணி தனக்குத்தானே சித்தப்பா முறை வேண்டும். இந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்தால் அச்சகக்காரர் ஓடிவிடுவார். சிரிக்கத்தான் எழுத ஆரம்பித்தேன், சித்தி. இவன் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதியதில் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

சம்பந்தியை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. பெண்ணுக்கு வயிற்றுவலி என்று சொல். உனக்குப் பொய் சொல்லவா தெரியாது?

மேடத்திடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. கட்டில் போய்விடும் என்ற பயத்தால் அல்ல. (சரி. கொஞ்சம் அதனாலும்தான்.)

இப்படிக்கு,
பட்டாணியின் ஏதோ ஒரு முறை அத்தை

*

ஜூலை 13

வாலுக்கு,

உன் கடிதம் வந்தபோது சம்பந்தி வந்து போயாகிவிட்டது. இரண்டு தடவை.

நாய்க்கு ஏதுடி அம்மா முறை, அண்ணன் முறை? தெருவில் பார்த்துக்கொண்டா சேர்கிறது? கலர் வேண்டும், மூக்கு உள்ளே அமுங்கி இருக்க வேண்டும், கண் வெளியே பிதுங்க வேண்டும். வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். "ஐயோ பாருங்களேன், குழந்தை மாதிரி"ன்னு தூக்கிக் கொஞ்சுகிறார்கள். மூச்சு எப்படி விடும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

இப்படி எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். தரகர் பேசுகிற மாதிரியே இருக்கிறது. அடிக்க மனசில்லை, கிடக்கட்டும்.

பட்டாணி அங்கே இருப்பது மறந்தே போய்விட்டது எனக்கு. நிஜமாகவே. எத்தனை வீடு, எத்தனை குட்டி. உன்னை எங்கே சேர்ப்பது என்ற யோசனை மட்டும்தான் அன்றைக்கு மண்டையில் ஓடியது. போனில் அவர் பெயர் கண்ணில் பட்டது, கூப்பிட்டேன். "உங்க பொண்ணா? அனுப்பி வைங்க, என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்" என்றார். அவர் நல்ல மனுஷி. அவரிடம் எதையும் உளறாதே. சொன்னால் உன் படிப்புக்குத்தான் ஆபத்து. பிறந்த குட்டி பிறந்துவிட்டது. அதைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது.

சீமாட்டி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. உன் கட்டிலில் துணி மடித்து வைக்கிறேன். சண்டை போட ஆள் இல்லை. செய்தி வாசிக்கிறவளோடு சண்டை போடுகிறேன், அவள் திருப்பிப் பேசுவதே இல்லை. உன் அருமை அப்போதுதான் தெரிகிறது.

சித்தி

*

ஜூலை 24

சித்திக்கு,

சொல்லிவிட்டேன்.

பட்டாணி வராந்தாவில் மயங்கி விழுந்தான். மேடம் அவனைத் தூக்கிக்கொண்டு, "என் தப்புதான், என் தப்புதான்"னு தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சோபாவில் உட்கார்ந்தது யார், வாஷிங் மெஷின் அறையில் இருப்பது யார், அப்பா யார், எல்லாம். உன் பெயரை நல்லபடியாகச் சொல்ல முயற்சி செய்தேன். அந்தக் கதைக்குள் நல்லபடியாக நுழைய இடமே இல்லை.

அவர் கத்துவார், என் பெட்டியைத் தூக்கி வெளியே போடுவார் என்று எதிர்பார்த்தேன். மாடிப்படியில் உட்கார்ந்தார். பட்டாணியின் தலை அவர் மடியில். ரொம்ப நேரம் அவன் காதை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்றுதான் கேட்டார்:

"அவங்க அம்மா இன்னும் உயிரோட இருக்காளா?"

"இருக்கா மேடம். மறுபடியும் வயித்துல."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். என் கட்டில் இருக்கிறது. கட்டிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

நல்லா சாப்பிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். சாம்பல்காரியும் தரகர் வரும்வரை நன்றாகத்தான் சாப்பிட்டாள்.

இந்தக் கடிதத்தில் ஜோக் இல்லை. தேடிப் பார்த்தேன், வரவில்லை.

*

ஆகஸ்ட் 12

வாலுக்கு,

உன் கடிதத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு இத்தனை நாளும் அதைப் பார்க்காமலேயே தண்ணீர் பாட்டில் எடுத்தேன். உன்னை என்ன செய்தால் தகும் என்று யோசித்தேன். தண்டனைக்கு அனுப்ப இன்னொரு விடுதிதான் இல்லை.

வார்டன் மேடம் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று சோபா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவர் கேட்டது இது: "அவ படுக்கும்போது தலையை எப்படி வச்சுக்கறா? பட்டாணி எப்படிப் படுத்தாலும் திணர்றான். அம்மாகிட்ட ஏதாவது வழி இருக்குமோன்னு கேக்கறேன்."

எனக்குத் தெரியவில்லை. அவள் படுப்பதை நான் பார்த்ததில்லை. தட்டு வைப்பேன், கழுவி விடுவேன், கதவைச் சாத்துவேன். "அப்புறம் சொல்றேங்க"ன்னு வைத்துவிட்டேன்.

மத்தியானம் அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்கார இடம் இல்லை, காலை மடக்கிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. அவள் படுக்கவே இல்லையடி. உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். தட்டின் விளிம்பில் தாடையைத் தூக்கி வைத்துக்கொண்டு. கண் மூடும், தலை சரியும், மூச்சு அடைக்கும், திடுக்கிட்டு எழுந்து மறுபடி தாடையைத் தூக்கி வைப்பாள். கதவைத் திறக்கும்போதெல்லாம் தாடையை விளிம்பில் வைத்து என்னைப் பார்ப்பாளே, தீனி கேட்டுக் கொஞ்சுகிறாள் என்று இத்தனை வருடம் நினைத்தேன். "பிச்சைக்காரி"ன்னு செல்லமாகத் திட்டுவேன். உனக்கும் ஞாபகம் இருக்கும்.

பழைய துண்டைச் சுருட்டித் தாடைக்கடியில் வைத்தேன். கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் முன்னால் தள்ளி. விசில் சத்தம் குறைந்தது. அப்படியே அரை மணியாவது தூங்கியிருப்பாள். எனக்குக் கால் மரத்துவிட்டது. எழுந்தால் அவள் விழித்துக்கொள்வாளோ என்று எழுந்திருக்கவில்லை.

மேடத்துக்குப் போன் செய்து துண்டு விஷயத்தைச் சொன்னேன்.

இதற்காகச் சித்தி திருந்திவிட்டாள் என்று கட்டிலில் ஏறிக் குதிக்காதே. வயிற்றில் குட்டி இருக்கிறது. அடுத்த மாதத் தொடக்கத்தில் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் தவிர வேறு யாரிடம் எழுதுவது?

சித்தி

*

ஆகஸ்ட் 20

மரத்துப்போன காலுடைய சித்திக்கு,

குதிக்கவில்லை. கட்டில் தாங்காது. ஆனால் உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் படித்துத் தொலைத்தேன். பக்கத்தில் இருந்தவள், "ஏன் அழற? காரமா?" என்று கேட்டாள். இங்கே காரம் போட்டால்தானே!

பட்டாணிக்குத் தொண்டைச் சதை வெட்டியாகிவிட்டது. சுருட்டிய துண்டின் மேல் தலையை வைத்துக்கொண்டு மூன்று பேர் குறட்டையை ஒரே ஆளாக விடுகிறான். மேடம் அந்தக் குறட்டையை வானொலி மாதிரி உட்கார்ந்து கேட்கிறார். என்னிடம் முன்பு போலவே பேசுகிறார். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் பட்டாணியின் துண்டைச் சரிசெய்யப் போய்விடுகிறார்.

நான் நாடு கடத்தப்பட்டவள், நிபந்தனை விதிக்க உரிமை இல்லை. இருந்தாலும் விதிக்கிறேன். வயிற்றைத் திறக்கும்போதே கர்ப்பப்பையையும் எடுத்துவிடச் சொல். எடுத்துவிட்டால் "இது கடைசி" என்று நீ எனக்குச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. உனக்கே நீ சத்தியம் செய்ய வேண்டியதில்லை, அதுதான் முக்கியம். உன் சத்தியங்களைப் பற்றி நமக்குத் தெரியாததா? புகைப்பதை நீ நிறுத்திய கதை ஒன்றே போதும். அதற்கு எத்தனை பாகம்!

பிறகு தரகர் வருவார். அவர் வந்தால் கதவைத் திறக்காதே. பல் டாக்டர் இன்றைக்கு வரமாட்டார் என்று சொல், பழைய வரவேற்பு மேசைப் பழக்கதோஷத்தில்.

இன்னொன்று. இங்கே எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அதுதான் பிரச்சினை. பினாயிலும் ஈர நாயும் கலந்த வாசனை இல்லை. வாஷிங் மெஷின் சுற்றும்போது தரை அதிர்வதில்லை. "ஏய், எங்கடி ஒளிச்சு வச்சே ரிமோட்டை?" என்று யாரும் கத்துவதில்லை. ரிமோட்டை ஒளித்து வைக்கவும் இங்கே ஆளில்லை, அதைத் தேடிக் கத்துகிறவள் இல்லாத ஊரில் ஒளித்து என்ன பயன்?

நீ போகும்போது தனியாகப் போகாதே என்று எழுத வந்தேன். யாரைக் கூட்டிப் போவாய் என்று யோசித்தேன், யாரும் இல்லை. அதனால் தைரியமாகப் போ.

இப்படிக்கு,
வால் (நறுக்கப்படாதது)

*

செப்டம்பர் 5

வாலுக்கு,

உயிரோடு இருக்கிறாள். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், நீ கடைசி வரியை முதலில் பார்ப்பவள் என்றாலும்.

மூன்று குட்டி. ஒன்று மூச்சே விடவில்லை. டாக்டரின் உதவிப் பெண் அதைத் துணியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். நானும் வாங்கித் தேய்த்தேன். என் விரல் அளவு கால் அதற்கு. வரவில்லை.

கர்ப்பப்பை விஷயத்தை நான் டாக்டரிடம் முன்பே சொல்லி வைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், மேசை முன்னால் நின்று சும்மா இருந்துவிட்டேன். அறுவைக்கு நடுவே டாக்டரே வெளியே வந்தார். கையெல்லாம் ரத்தம். "கர்ப்பப்பை கிழிஞ்சாப்பல இருக்கு. தச்சும் விடலாம், எடுத்தும் விடலாம். தச்சா இன்னொரு ஈத்துக்கு நீங்க ஆசைப்படுவீங்க. என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

அந்த நொடியில் உன் படிப்பு, வாடகை எல்லாம் வந்து கண் முன்னால் நின்றது. பொய் சொல்ல மாட்டேன், நின்றது. பிறகு அந்தத் தட்டு விளிம்பும் தாடையும் வந்தது. "எடுத்துடுங்க" என்றேன். மறுபடி சொன்னேன்.

தரகருக்கு நாயைவிட மோப்பம் அதிகம். மறுநாளே வந்துவிட்டார். "அக்கா, அதான் காலியாயிடுச்சே, குடுத்துருங்க. பண்ணையில ஜாலியா இருக்கும்." எந்தப் பண்ணை, எனக்கு வழி சொல்லுங்கள், நானே கொண்டு வந்து விடுகிறேன் என்றேன். தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் தூரம்க்கா" என்றார். சாம்பல்காரியைப் பற்றிக் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவளைக் கொடுத்த அன்று இதைக் கேட்டிருக்கலாம்.

இன்று அவள் இரண்டு குட்டிக்கும் பால் கொடுத்தபடி துண்டின் மேல் தூங்குகிறாள். அறைக் கதவு திறந்தே இருக்கிறது.

சித்தி

*

அக்டோபர் 14

வாலுக்கு,

இதைச் சொல்ல நான்கு நாளாகச் சுற்றி வளைக்கிறேன். நேராகவே சொல்கிறேன். சீமாட்டியை என்னால் வைத்துக்கொள்ள முடியாது.

கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் போனால் இருட்டித்தான் வருவேன். அவளைப் பகல் முழுக்கப் பூட்டி வைக்க வேண்டும். மூச்சு அடைத்தால் எழுப்ப ஆள் வேண்டும். பூட்டி வைத்தது போதும்.

குட்டிகள் போய்விட்டன. ஒன்றை டாக்டரின் உதவிப் பெண் எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை ஒரு ஓய்வுபெற்ற தம்பதிக்குக் கொடுத்தேன். மூச்சு, இடுப்பு, அப்பன் யார், எல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன். முதலில் வந்த நான்கு பேர் கேட்டுவிட்டு ஓடிப்போனார்கள். அந்தத் தாத்தா மட்டும், "எனக்கும் இதே வியாதிதாம்மா. சேர்ந்து மூச்சு வாங்கிக்கறோம்" என்றார்.

வார்டன் மேடத்தைக் கேட்டேன். அவரிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைப்பது கேட்கிறது. நானும் நினைத்தேன். அவர், "கொண்டு வாங்க. பட்டாணிக்கும் துணையாச்சு" என்றார். என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டு வருகிறேன். அந்த நேரம் உங்களுக்குப் படிப்பு நேரமாம். நீ படி. வெளியே வர வேண்டாம். உன்னைப் பார்க்கக் கூடாது என்றில்லை. அவளையும் விட்டுவிட்டு, உன்னையும் பார்த்துவிட்டு, அப்புறம் ஒருத்தி அவ்வளவு தூரம் தனியாகத் திரும்ப வேண்டும். அது எனக்கு வராது.

அவள் ரொட்டியைப் பாலில் ஊற வைத்தால்தான் சாப்பிடுவாள். ஓட விடாதே. துண்டு இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று துவைக்க.

சித்தி

*

அக்டோபர் 22

ஓடிப்போன சித்திக்கு,

படித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் தலைகீழாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். ஜன்னல் வழியாக உன் முதுகைத்தான் பார்த்தேன். பச்சைப் புடவை, அந்தப் பழைய கைப்பை, வலது காலைச் சற்று இழுத்து நடக்கிற நடை. கூப்பிட்டிருக்கலாம். நீ திரும்பிவிடுவாயோ என்று பயந்து கூப்பிடவில்லை. நீ திரும்பாமல் போய்விட்டாயே என்று அப்புறம் கோபம் வந்தது. என்னிடம் நியாயம் எதிர்பார்க்காதே.

மணி அடித்ததும் ஓடினேன். சீமாட்டியின் வயிற்றில் முடி முளைக்கிறது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். நீதான் போட வைத்திருக்கிறாய், தெரிகிறது. என்னைப் பார்த்தாள், வாலை இரண்டு தடவை ஆட்டினாள், கையை நக்கினாள். பழைய நண்பரைத் தெருவில் பார்த்து, "நல்லாயிருக்கீங்களா"ன்னு கேட்டுவிட்டு நடப்பது போல. பிறகு திரும்பி கேட் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இன்னும் அங்கேதான் இருக்கிறாள், சித்தி.

பட்டாணி வந்து முகர்ந்து பார்த்தான். அம்மா என்று அவனுக்கும் தெரியவில்லை, மகன் என்று அவளுக்கும் தெரியவில்லை. ரொட்டியைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால்தான் தின்கிறாள். கேட்டுக்கு எதிரே பஸ் நிற்கிற இடம். ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கும்போது எழுந்து நிற்கிறாள். இறங்குகிறவர்கள் ஒவ்வொருவர் காலையும் பார்க்கிறாள். பஸ் போனதும் உட்கார்கிறாள். மேடம், "ரெண்டு நாள்ல பழகிடும்மா" என்றார். ரெண்டு நாள் தாண்டிவிட்டது.

நேற்று எனக்கு ஆத்திரம் வந்து அவளிடமே கேட்டேன்: "உனக்கு அறிவு இருக்கா? உன்னைப் பூட்டி வச்சவ அவ. பெத்த பிள்ளையையே கொண்டுவந்து கட்டி வச்சவ. உனக்காக நாடு கடத்தப்பட்டவ நான் இருக்கேன் இங்க. யாருக்குடி காத்திருக்க?" அவள் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தாள். அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று அப்புறம்தான் உறைத்தது.

நீ செய்தது எல்லாம் என் கணக்கில் அப்படியேதான் இருக்கிறது. எதையும் அடிக்கவில்லை. பட்டாணி இடுப்பை இழுத்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம் அதற்கு அடியில் கோடு போட்டுக்கொள்கிறேன். அதையும் வைத்துக்கொண்டு, உன்னையும் தேடுகிறேன். இரண்டும் ஒரே மனசில் எப்படி உட்காருமோ, கட்டில் தகராறு போடாமல் உட்கார்ந்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை பார்வையாளர் நேரம். உனக்குக் கடை விடுமுறைதானே? திரும்பிப் போகும்போது தனியாக இருக்கும் என்றாய். வராமல் இருந்தாலும் அங்கே தனியாகத்தானே இருக்கிறாய்? வந்துவிட்டுத் தனியாக இரு. என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தால் அவளைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொள். நான் கண்டுகொள்ளவில்லை என்று நடிப்பேன். நடிப்பு நீ சொல்லிக் கொடுத்ததுதான்.

மேசை இல்லாமல், கேட்டுக்குப் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். சீமாட்டி என் முட்டியில் தாடையை வைத்திருக்கிறாள். அசைய முடியவில்லை.

இதோ, ஒரு பஸ் வந்து நிற்கிறது. இருவரும் எழுந்து நிற்கிறோம்.